வார்த்தை தெரியும், வரி புரியாது!

"ஆங்கிலம் ஏன் வரவில்லை?" என்று எந்தக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "வொகாபுலரி இல்லை." உடனே ஓர் அகராதி வாங்குவார்கள். தினம் 10 வார்த்தை மனப்பாடம் என்று நோட்டுப் போடுவார்கள். ஒரு வாரம் ஜோராக நடக்கும். பிறகு அந்த அகராதி மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க உதவும்!

வார்த்தை ஒரு பிரச்னைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அது சின்னப் பிரச்னை. ஒரு வரியில் உள்ள எல்லா வார்த்தைக்கும் மேலே பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதி முடித்த பிறகும் அந்த வரி புரியாமல் நிற்கும் பாருங்கள், அதுதான் பெரிய பிரச்னை. அதற்கு அகராதியில் மருந்து கிடையாது.

வணிகவியல் மாணவர்கள் எல்லோரும் படித்தே ஆக வேண்டிய ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் 25ஆவது பிரிவு இப்படித் தொடங்குகிறது: "அன் அக்ரிமென்ட் மேட் வித்தவுட் கன்சிடரேஷன் இஸ் வாய்ட்". மொத்தம் ஏழே வார்த்தை. அக்ரிமென்ட் என்றால் உடன்பாடு. மேட் என்றால் செய்தது. வித்தவுட் என்றால் இல்லாமல். கன்சிடரேஷன் என்றால் மறுபயன், அதாவது ஒரு வாக்குறுதிக்குப் பதிலாக எதிர்த்தரப்பு தருவது. வாய்ட் என்றால் செல்லாதது. இப்போது சேர்த்துப் படித்தால் "ஓர் உடன்பாடு செய்தது மறுபயன் இல்லாமல் இருக்கிறது செல்லாதது" என்று வருகிறது. இது தமிழா? எந்த மொழியும் இல்லை!

எங்கே இடிக்கிறது? "மேட்" என்ற இடத்தில்.

தமிழில் ஒரு வினைச்சொல் தன் வேலை என்ன என்பதைத் தன் வாலிலேயே சொல்லிவிடும். "செய்தான்" என்றால் வாக்கியம் முடிந்தது, அது வினைமுற்று. "செய்த" என்றால் பின்னால் ஒரு பெயர் வரப் போகிறது, அது பெயரெச்சம். "செய்து" என்றால் இன்னொரு வினை வரப் போகிறது, அது வினையெச்சம். பள்ளியில் இதையெல்லாம் இரண்டு மதிப்பெண் கேள்விக்காகப் படித்துவிட்டு மறந்தாயிற்று. ஆனால் காது மறக்கவில்லை. "செய்த" என்று கேட்டதுமே, இலக்கணமே தெரியாதவர்கூட அடுத்து என்ன என்று காத்திருப்பார்.

ஆங்கிலத்தில் "மேட்" என்பது ஒரே உருவம். "செய்தான்" என்பதற்கும் அதுதான், "செய்யப்பட்ட" என்பதற்கும் அதுதான். சட்டையில் அடையாள அட்டை கிடையாது, எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். 25ஆவது பிரிவில் பின்னால் "இஸ்" வருகிறது. அதுதான் உண்மையான பயனிலை. அப்படியானால் "மேட்" வெறும் எச்சம். "மறுபயன் இல்லாமல் செய்யப்பட்ட உடன்பாடு செல்லாது." அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதே இடத்தில் விழுகிறார்கள். தாமஸ் பெவர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிற வாக்கியம் மொழியியல் படிப்பவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." குதிரை களஞ்சியத்தைத் தாண்டி ஓடியது என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டு வருபவர், கடைசியில் "ஃபெல்" என்ற வார்த்தையில் முட்டிக்கொள்வார். விழுந்தது? எது விழுந்தது? திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டும். "களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது" என்பதுதான் பொருள். தமிழில் சொன்னால் இதில் ஒரு குழப்பமும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இந்த வித்தியாசம் வினைச்சொல்லோடு நிற்பதில்லை. "முதலாளி கணக்கரைத் திட்டினார்." இந்த மூன்று வார்த்தைகளை ஆறு விதமாக மாற்றி அடுக்கலாம். கணக்கரைத் திட்டினார் முதலாளி. திட்டினார் முதலாளி கணக்கரை. கொஞ்சம் நாடக வசனம் மாதிரி இருக்கும், ஆனால் ஆறிலும் திட்டு வாங்கியவர் பாவம் அந்தக் கணக்கர்தான். ஏனென்றால் "ஐ" என்ற உருபு அவர் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே போனாலும் கூடவே போகும். ஆங்கிலத்தில் முதலாளியையும் கணக்கரையும் இடம் மாற்றினால் கணக்கர் முதலாளியைத் திட்டிவிடுவார். வேலை போய்விடும்.

தமிழில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று உருபுகள் செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் வார்த்தை நிற்கும் இடமும், முன்னால் வருகிற "டு, பை, ஆஃப், இன்" போன்ற சின்னச் சொற்களும் செய்கின்றன. ஆங்கிலம் பிறக்கும்போதே இப்படி இல்லை. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. அடுத்த சில நூற்றாண்டுகளில் அவை தேய்ந்து போக, வார்த்தை வரிசை இறுகிவிட்டது. பழைய வீட்டை இடித்த பிறகு ஓரிரு தூண்கள் மட்டும் நிற்பதுபோல, "ஹீ, ஹிம்" என்பதிலும் "ஹூ, ஹூம்" என்பதிலும் அந்த உருபுகளின் மிச்சம் இன்றும் இருக்கிறது.

பள்ளியில் ஆங்கில இலக்கணம் என்ற பெயரில் நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. வாய்ஸ் மாற்று, ஸ்பீச் மாற்று, கொஸ்டின் டேக் போடு. எல்லாம் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண். "பை" போட்டு முன்பின் மாற்றினால் பாசிவ் வாய்ஸ் என்ற சூத்திரம் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஒரு சட்டம் ஏன் பக்கம் பக்கமாக பாசிவ் வாய்ஸில் பேசுகிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. செய்தவர் யாராக இருந்தாலும் விதி ஒன்றுதான் என்னும்போது செய்தவரைச் சொல்லாமல் விட வசதி வேண்டும், அதற்குத்தான். அடுத்த வகுப்பறையிலேயே தமிழய்யா எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் நடத்திக்கொண்டிருப்பார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரை யாரும் இடிக்கவில்லை.

(எட்டு வகைச் சொற்கள் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்களே, அந்த எட்டு என்ற கணக்கு கிரேக்க மொழிக்காக டயோனீசியஸ் திராக்ஸ் என்பவர் பெயரில் வழங்கும் இலக்கணத்தில் உள்ளது. அங்கிருந்து லத்தீனுக்குப் போய், அப்புறம் ஆங்கிலத்துக்கு வந்தது. வரும் வழியில் பட்டியலில் இருந்த சொல்வகைகள் சில மாறின, எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அல்ல அது.)

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, கணக்குப் பதிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கி, பி.காம். சேர்ந்த ஒரு மாணவி. சி.ஏ. ஆக வேண்டும் என்பது ஆசை. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் எழுத வழி இல்லை. முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்விலேயே வணிகச் சட்டம் ஒரு தாள். பற்று வரவு எல்லாம் விரல் நுனியில் இருந்தும், சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அவளுக்குத் தூக்கம் வந்தது. நிஜத்தில் அது தூக்கம் இல்லை, பயம். "பேசாமல் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கலாமா" என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது.

விடுதியில் மூன்றாமாண்டு படிக்கிற ஓர் அக்கா அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து.

"எல்லாத்துக்கும் அர்த்தம் எழுதிட்டேன்க்கா. சேத்துப் படிச்சா ஒண்ணும் வரல."

"அர்த்தத்த விடுடீ. பயனிலை எது? அத மொதல்ல சொல்லு."

"மேட்."

"அப்ப அக்ரிமென்ட் போய் எதையோ செஞ்சுதா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"இல்ல... இஸ். அக்ரிமென்ட் இஸ் வாய்ட்."

"நடுவுல இருக்கறது?"

"எந்த அக்ரிமென்ட்னு சொல்லுது."

"அவ்ளோதான். இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அந்த அக்கா இலக்கணப் புலவர் ஒன்றும் இல்லை. தனக்கு வேலை செய்த ஒரு வழியைச் சொன்னாள். முதலில் பயனிலையைத் தேடு. பிறகு அதற்கு எழுவாய் எது என்று பார். இரண்டையும் அடிக்கோடு போட்டுச் சேர்த்துப் படி. மிச்சமெல்லாம் யார், எந்த, எப்போது, எந்த நிபந்தனையில் என்ற விவரம்தான்.

பெயருக்குப் பின்னால் நீளமாக விவரம் தொங்கினால் அதை வாலிலிருந்து படிக்க வேண்டும் என்றும் சொன்னாள். "தி செக் சைன்ட் பை தி பார்ட்னர் ஆஃப் தி ஃபர்ம் இன் மதுரை" என்று இருந்தால் மதுரையிலிருந்து புறப்பட வேண்டும். மதுரையில் உள்ள நிறுவனத்தின் கூட்டாளி கையெழுத்திட்ட காசோலை. ஆங்கிலத்தில் கடைசியில் இருப்பது தமிழில் முதலில் வருகிறது, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. தமிழில் வினை கடைசியில் வரும், விவரங்கள் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வினை சீக்கிரமே வந்துவிடும், விவரங்கள் பின்னால் வால் பிடித்து வரும். இந்த ஒன்றைப் பள்ளியிலேயே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

அந்த வழியோடு அவள் 11ஆவது பிரிவுக்குப் போனாள். "எவரி பெர்சன் இஸ் காம்பிடென்ட் டு கான்ட்ராக்ட் ஹூ இஸ் ஆஃப் தி ஏஜ் ஆஃப் மெஜாரிட்டி" என்று போகிறது அது. "ஹூ" என்ற சொல் "கான்ட்ராக்ட்" பக்கத்தில் நிற்கிறது. ஆனால் ஒப்பந்தத்துக்கு வயது வராது. அது வெகுதூரத்தில் இருக்கிற "பெர்சன்" என்பதோடு சேர வேண்டியது. பக்கத்தில் இருப்பதோடுதான் சேரும் என்று நினைத்திருந்தவளுக்கு இது புதுச் செய்தி. இந்த வரியில் "கான்ட்ராக்ட்" வினைச்சொல், ஒப்பந்தம் செய்துகொள்வது. 10ஆவது பிரிவில் பெயர், வினை இரண்டுமே ஒரே வாக்கியத்தில் வருகின்றன. வாய்விட்டுச் சொல்லும்போது பெயருக்கு முதல் அசையிலும் வினைக்கு இரண்டாம் அசையிலும் அழுத்தம் வரும். அச்சில் அந்த அழுத்தம் தெரியாது. புத்தகத்தை வாயை மூடிக்கொண்டு படிக்கிற மாணவிக்கு அது எப்படித் தெரியும்?

இதில் மதிப்பெண்ணே போகிற இடம் ஒன்று உண்டு. 25ஆவது பிரிவு "வாய்ட்" என்பதோடு முடிவதில்லை. அடுத்து "அன்லெஸ்" வருகிறது. இன்னின்னதாக இருந்தாலொழிய, என்று பொருள். அதன் கீழ் விதிவிலக்குகள். ஒருவர் தன் மகனுக்கு அன்பினால் 1,000 ரூபாய் தருவதாக வாக்களித்து, அதை எழுத்தில் வைத்துப் பதிவும் செய்தால், மறுபயன் எதுவும் இல்லாவிட்டாலும் அது ஒப்பந்தம்தான். சட்டத்திலேயே உள்ள உதாரணம் இது. முதல் ஏழு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டவர் "செல்லாது" என்று எழுதுவார். "அன்லெஸ்" தாண்டிப் போனவர் "செல்லும்" என்று எழுதுவார். இருவரும் ஒரே பக்கத்தை ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்தவர்கள்தான்.

பரீட்சையில் மதிப்பெண் போகும், வாழ்க்கையில் காசே போகும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் நடந்த பால் நிறுவன வழக்கைச் சட்டம் படிப்பவர்களும் கணக்கு படிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாநிலச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. கெட்டுப்போகிற உணவுப் பொருள்கள் தொடர்பான சில வேலைகளுக்கு மட்டும் அந்தக் கூலி கிடையாது. அந்த வேலைகளின் பட்டியல் இப்படி முடிந்தது: "ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்". "ஷிப்மென்ட்" என்பதற்குப் பிறகு காற்புள்ளி இல்லை.

ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் கேட்டார்கள்: விலக்கு பெற்றது அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ "பேக்கிங்" செய்கிற வேலைதானே? நாங்கள் பேக்கிங் செய்வதில்லை, விநியோகம் மட்டுமே செய்கிறோம், எங்கள் ஓவர்டைம் எங்கே? நிறுவனம் சொன்னது: இல்லை, "பேக்கிங்" ஒரு வேலை, "டிஸ்ட்ரிபியூஷன்" தனி வேலை, இரண்டுக்கும் விலக்கு உண்டு. கடைசிச் சொல்லுக்கு முன்னால் காற்புள்ளி போட வேண்டாம் என்று மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே சொல்கிறது என்றும் வாதாடியது. ஓட்டுநர்கள் தரப்பின் பதில் அழகானது. பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் "இங்" என்று முடிகின்றன. "ஷிப்மென்ட்", "டிஸ்ட்ரிபியூஷன்" இரண்டு மட்டும் அப்படி முடியவில்லை. ஆகவே அவை இரண்டும் ஒரே ஜாடி, இரண்டும் "ஃபார்" என்பதற்குக் கீழே வருபவை!

கீழ் நீதிமன்றத்தில் நிறுவனம் ஜெயித்தது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வரி இரண்டு விதமாகவும் படிக்கக்கூடியது, அப்படி ஐயம் இருந்தால் கூலிச் சட்டத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று தீர்ப்பைத் திருப்பியது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த மாநிலம் சட்டத்தையும் திருத்தியது. இப்போது அந்த இடத்தில் "டிஸ்ட்ரிபியூட்டிங்" இருக்கிறது, அரைப்புள்ளிகளும் வந்துவிட்டன.

அதே பட்டியலைத் தமிழில் எழுதியிருந்தால் "அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ" என்று எழுதும்போதே ஓகாரம் உண்மையைச் சொல்லியிருக்கும். அதற்காகத் தமிழில் இந்த மாதிரிக் குழப்பமே வராது என்று மார்தட்டவும் முடியாது. "புதிய நிறுவனத்தின் மேலாளர்" என்றால் புதியது நிறுவனமா, மேலாளரா? ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் ஓட்டை.

உருபும் எச்சமும் தெரிந்த தமிழ் மாணவருக்கு ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க ஏற்கெனவே கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. "ஒன்லி" என்ற சொல்லையே பாருங்கள். அது வாக்கியத்தில் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துப் பொருள் மாறும். இயக்குநர் மட்டும் கையெழுத்திட்டாரா, காசோலையில் மட்டும் கையெழுத்திட்டாரா? தமிழில் "மட்டும்" எந்தச் சொல்லோடு ஒட்டும் என்று கேட்டுப் பார்த்தால் ஆங்கிலத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்த ஆயுதம் உதவாது. அந்த மாணவி அடுத்த உள்மதிப்பீட்டுத் தேர்வில் 25ஆவது பிரிவை விதிவிலக்கோடு சரியாக எழுதினாள். விடைத்தாள் வந்தபோது உள்ளடக்கத்தில் தப்பு இல்லை. ஆனால் பக்கமெல்லாம் சின்னச் சின்னச் சிவப்பு வட்டங்கள். எல்லாம் "தி" விட்டுப்போன இடங்கள், தேவையில்லாமல் போட்ட இடங்கள். "ஏ" விட்டுப்போன இடமும் ஒன்று இருந்தது. "எ ஃப்யூ ஷேர்ஹோல்டர்ஸ்" என்றால் சில பங்குதாரர்கள் வந்தார்கள். "ஏ" போய்விட்டால் "ஃப்யூ ஷேர்ஹோல்டர்ஸ்", அதாவது வந்தவர்கள் இருக்கிறார்களா என்று தேட வேண்டிய நிலைமை. ஓர் எழுத்தில் கூட்டமே காலி!

"ஒரு", "அந்த" என்று தமிழில் இருப்பவை இதற்கு நேர் இணை இல்லை. வேண்டுமென்றால் போடலாம், விட்டாலும் யாரும் வட்டம் போட மாட்டார்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட எதுவும் இல்லாத இடம் இது. அக்காவிடம் போய்க் கேட்டாள். அக்கா விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு எனக்கே ரூல் தெரியாதுடீ. படிக்கப் படிக்கக் காதுக்கு வரும்."

விடுதிக்கு வருகிற ஆங்கிலப் பேப்பரின் வணிகப் பக்கத்தைத் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எடுத்துப் போகிறாள். பென்சிலால் இப்போது அர்த்தம் எழுதுவதில்லை. ஒவ்வொரு "தி" மேலும் ஒரு புள்ளி வைக்கிறாள், பக்கத்தில் அது ஏன் அங்கே வந்திருக்கும் என்று தமிழில் ஒரு வரி. பாதிக்கு மேல் கேள்விக்குறிதான் இருக்கிறது.